ஆர்லீன் வோசிக்காவின் கீழ் இழுப்பறை

அந்த ஜனவரியில் ஆர்லீனின் மேசையில் கீழ் இழுப்பறை மூடவே இல்லை. முழங்காலால் ஒரு தள்ளு தள்ளுவார். பாதி போய் நின்றுவிடும். உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். ஒவ்வொன்றும் மாநில அரசு ஊழியர் ஒருவருடைய குடும்பம்.

சாலையில் பனி தள்ளுகிறவர்கள், சிறைக் காவலர்கள், ஆற்று நீரைச் சோதிக்கிறவர்கள் என்று மாநிலத்துக்கு வேலை செய்கிற எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு எங்கள் அலுவலகம் வழியாகத்தான். யாருடைய அட்டையில் எந்த மனைவி, எந்தப் பிள்ளை இருக்கலாம் என்று பார்ப்பது எங்கள் பிரிவு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை எல்லோரும் கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் நகல்களை அனுப்பியாக வேண்டும். கெடு தாண்டினால் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அந்த முறை கெடு டிசம்பர் முப்பத்தொன்று. ஆர்லீன் எடுக்க மாட்டார். கோப்பைக் கீழ் இழுப்பறையில் போட்டுவிட்டுத் தொலைபேசியைக் கையில் எடுப்பார். வீட்டில் கிடைக்காவிட்டால் வேலை செய்யும் இடத்தில், அங்கேயும் கிடைக்காவிட்டால் அந்த ஊர்த் தேவாலயத்துக் கணக்கர் அம்மாளிடம். எப்படியும் ஆளைப் பிடித்துவிடுவார். முப்பத்தொரு வருடத்தில் காகிதம் வரவில்லை என்பதற்காக ஒரு பெயரைக்கூட அவர் எடுத்ததில்லை.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு போக, இன்னும் ஒரு கோப்பை மட்டும் அவர் இழுப்பறையில் போடாமல் விசைப்பலகைக்கு அடியில் வைத்திருந்தார். டுவேன் ரூசிக்குடையது. மேற்கே மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஊரில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். மனைவி இறந்துபோனவர். ஒரே மகள் டெஸ்ஸா, இருபத்து மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தகப்பன் தன் சிறுநீரகம் ஒன்றை மகளுக்குக் கொடுத்தார். அதற்கான அனுமதிக் காகிதங்கள் எல்லாம் ஆர்லீன் கை வழியாகத்தான் போயின. இருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை. டுவேனின் குரல் தெரியும், அவ்வளவுதான். உடம்பு அந்தச் சிறுநீரகத்தை வெளியே தள்ளாமல் இருக்க டெஸ்ஸா தினம் இரண்டு வேளை மருந்து சாப்பிட வேண்டும், உயிருள்ள வரைக்கும். அட்டை போனால் மருந்து போகும். மருந்து போனால் சிறுநீரகம் போகும். அட்டையில் அவள் பெயர் நிற்க வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று வர வேண்டும். வரவில்லை.

ஆர்லீன் பிறந்தது வடக்கே, சர்க்கரை எடுக்கும் பீட்கிழங்கு போடுகிற ஒரு பண்ணையில். அவருக்குப் பதினொரு வயதானபோது, வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் அப்பாவின் வலது கை போனது. காப்பீடு கிடையாது. அறுபது ஏக்கரை விற்றுத்தான் ஆஸ்பத்திரிக் கடன் அடைந்தது. பிறகு அவர் கல்யாணம் செய்துகொண்ட லெனர்டும் விவசாயிதான். இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இருவரில் ஒருவர் நிலத்தைப் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் காப்பீட்டுக்காக அரசாங்க வேலைக்குப் போவார். சம்பளம் இரண்டாம் பட்சம். ஆர்லீன் அப்படித்தான் தினம் நாற்பது மைல் வண்டி ஓட்டித் தலைநகருக்கு வந்து சேர்ந்தவர். லெனர்டுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தபோது அந்த அட்டைதான் நிலத்தைக் காப்பாற்றியது. லெனர்டைக் காப்பாற்றவில்லை. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.

நான் அவருக்கு அடுத்த மேசை. பெயர் செண்பகம், அவர்கள் வாயில் செம். விசாவில் இருக்கிற ஆள் என்பதால் எந்தக் கடிதம் வந்தாலும் அனுப்பியவர் முகவரியைத்தான் முதலில் பார்ப்பேன். என் வேலை, அலுவலகத்தின் நிதிக் கோரிக்கையைத் தட்டச்சு செய்து சட்டமன்றத்துக்கு அனுப்புவது. அந்த வேலையில் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். ஊழியர்களின் வைத்தியத்துக்குக் கொடுக்கிற பணம் தனி நிதி. அதில் சட்டமன்றம் எளிதில் கை வைக்காது. யாருக்கு வைத்தியம் உண்டு என்று பார்க்கிற எங்களுக்கான சம்பளமும் தொலைபேசியும் வேறு. அது பட்ஜெட்டில் ஒரே ஒரு வரி. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் நிதிக் குழுவின் பேனா முதலில் போய் நிற்கிற வரி அதுதான்.

பதினொரு நாற்காலிகள் இருந்தன, ஏழில்தான் ஆள். மூன்று வருடமாக, போனவர்கள் இடத்தில் யாரையும் எடுக்கவில்லை. அந்த நான்கு பேர் வேலையையும் ஆர்லீன் இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். அதில் இரண்டு கட்டம். ஒன்று ‘நிலுவை’, இன்னொன்று ‘உறுப்பினர் பதிலுக்குக் காத்திருப்பு’. சட்டமன்றத்துக்குப் போவது முதல் கட்டம் மட்டும். ஆர்லீன் கீழ் இழுப்பறையை முழுக்க இரண்டாவது கட்டத்தில் எழுதிவிடுவார். முதல் கட்டத்தில் எப்போதும் பூஜ்யம்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம், அலுவலகத்தில் ஆயிரத்து நானூறு கடிதங்கள் பிரிக்கப்படாமல் கிடப்பதாக நகரத்துச் செய்தித்தாள் எழுதியது. பிரிவின் தலைவியாக இருந்த அம்மாள் மறுநாள் வந்து, மேசையில் இருந்த செடியை எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் போனவர்தான். ஆர்லீன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை மூன்று வருடம் நானே தட்டச்சு செய்து அனுப்பினேன், பெருமையோடு.

பிப்ரவரியில் எங்கள் கோரிக்கை சட்டமன்ற நிதிக் குழுவின் முன்னால் வந்தது. இயக்குநர் பிரென்ட் ஹால்வர்சன், ஆர்லீனையும் என்னையும் கூட அழைத்துப் போனார். குழுத் தலைவர் மேற்குப் பகுதி மாடு வளர்ப்பவர், இனிமையான மனிதர். எங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏழு பேரோடு நிலுவை பூஜ்யம் என்றால் காலியாக இருக்கிற நான்கு இடமும் எதற்கு என்று கேட்டார். ஹால்வர்சன் ஏதோ சுற்றி வளைத்தார். அதோடு இன்னும் இரண்டு இடத்தைக் குறைத்து, சரிபார்க்கும் வேலையை வெளி மாநில நிறுவனம் ஒன்றின் கணினி நிரலிடம் விட்டால் என்ன என்பது தலைவரின் அடுத்த கேள்வி. அதை அவர் நேராக ஆர்லீனைப் பார்த்துக் கேட்டார்.

“ஆர்லீன், நீங்கதான அங்க ரொம்ப நாளா இருக்கீங்க. அஞ்சு பேரோட ஓட்டிருவீங்களா?”

“சமாளிச்சுக்குவோம்னு நெனைக்கறேன்,” என்றார் ஆர்லீன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காரில் வரும்போது முழுக்க, முடியாது என்று எப்படிச் சொல்லப்போகிறேன் என்றுதான் அவர் பேசிக்கொண்டு வந்தார். பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் காபி வேண்டுமா என்பார்கள். வேண்டாம் என்க வேண்டும். கொஞ்சம் குடியுங்களேன் என்பார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்க வேண்டும். மூன்றாவது முறை கேட்கும்போதுதான், போட்டுவிட்டீர்கள் என்றால் அரைக் கோப்பை என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் கேள்விக்கே ஆமாம் என்கிறவர்களைப் பற்றிப் பின்னால் பேசுவார்கள். ஆர்லீன் மூன்றாவது கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மடியில் கைகளைக் கோத்து, தலைவரின் முகத்தையே பார்த்தபடி இருந்தார். அந்தத் தலைவரும் இதே மண்ணில் வளர்ந்தவர். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையாக இருந்தால் கேட்டிருப்பார். அன்றைக்கு அவருக்குப் பின்னால் இன்னும் பதினாறு துறைகள் வரிசையில் நின்றன. நன்றி என்று சொல்லித் தாளைத் திருப்பினார். கூட்டக் குறிப்பு எடுக்கிற அம்மாள் முதல் பதிலை எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது காரில் ஆர்லீன் கையுறைகளை மாட்டிக்கொண்டார். பிறகு, “திருப்பிக் கேப்பார்னு நெனச்சேன், செம்,” என்றார்.

இடங்களைக் குறைக்கும் சட்டம் அவசரப் பிரிவோடு நிறைவேறியது, கையெழுத்தானதும் அமல். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு இடங்கள் இல்லை, வெளியே பேசத் தொலைபேசிகள் இல்லை. மார்ச் முப்பத்தொன்று மாலை ஐந்து மணிக்கு நிறுவனத்தின் நிரல் ஓடும். அதற்குள் ‘சான்றிதழ் பெறப்பட்டது’ என்ற கட்டத்தில் குறி இல்லாத குடும்பப் பெயர்கள் எல்லாம் தானாகப் போய்விடும். ஹால்வர்சன் இதைச் சொல்லும்போது கீழ் இழுப்பறையைப் பார்த்தார். அப்படி ஒரு இழுப்பறை இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

மார்ச் முழுக்க ஆர்லீன் பேசிக்கொண்டே இருந்தார். மதியச் சாப்பாட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் எண்களை அழுத்தினார். இருநூற்றுப் பன்னிரண்டு நூற்றெண்பது ஆனது, நூற்றைம்பது ஆனது. டுவேன் ரூசிக்கின் கோப்பு நகரவில்லை. வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது பனிப்புயல் மாதம். பனி தள்ளுகிறவர்கள் பதினாறு மணி நேரம் வண்டியில் இருந்தார்கள். எங்கள் கடிதங்களை டுவேன் வண்டியின் வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது, மூன்றும் பிரிக்காமல். மகளோடு நேராகப் பேச விதியில் இடமில்லை. அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு மட்டும்தான் பேசலாம். விதியை மீறும் ஆளில்லை ஆர்லீன். அதனால் நெடுஞ்சாலைத் துறைக் கொட்டகைக்கு அழைத்தார். அங்கே மேஸ்திரி ஜீன் எடுத்தார்.

“ஜீன், தலைநகர்லேர்ந்து ஆர்லீன் பேசறேன். டுவேன் இருக்காரா? ஓ, ரோட்டுலயா. சரி சரி. ஒண்ணும் அவசரமில்ல. நேரம் கெடைக்கறப்ப ஒரு போன் போடச் சொல்லுங்க. சின்னப் பேப்பர் விஷயம், அவ்வளவுதான்.”

வைத்ததும் நான் கேட்டேன், அவசரம்தானே என்று.

“பனியில வண்டி ஓட்டறவன்கிட்ட அவசரம்னு சொல்லுவாங்களா? மகளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பதறிப்போவான். வண்டியோட பள்ளத்துல கெடக்கணுமா அவன்?”

சரியாகத்தான் பட்டது. அந்த மாதத்தில் மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் அதே வார்த்தைகள். ஜீன் ஒழுங்கான மனிதர். கொட்டகைச் சுவரில் இருக்கும் பலகையில் டுவேன் பெயருக்கு எதிரே, ‘ஆர்லீன், அவசரமில்லை’ என்று எழுதி வைத்திருந்தார். டுவேன் அதைத் தினமும் பார்த்திருக்கிறார். அவசரமில்லாததற்கு அலுவலகத்தில் வேலையாக இருக்கிற ஒரு அம்மாளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

முப்பத்தொன்றாம் தேதி மேற்கே மறுபடி புயல். காலையிலிருந்து நெடுஞ்சாலை மூடியிருந்தது. கொட்டகையில் யாரும் எடுக்கவில்லை. ஜீனும் வண்டியில் ஏறிப் போயிருக்க வேண்டும். மாலை நாலரைக்கு இழுப்பறையில் நூற்று முப்பத்தேழு கோப்புகள் மிச்சம், விசைப்பலகைக்கு அடியில் ஒன்று. ஆர்லீன் டெஸ்ஸாவின் பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டத்தில் ஒரு குறி போட வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தாங்கவில்லை. “போட்டுடுங்க ஆர்லீன். பேப்பர் அடுத்த வாரம் வந்துடும்.”

“நான் பாக்கலையே.”

“அவ அவரோட பொண்ணுதான்னு உங்களுக்குத் தெரியுமே. அவரோட சிறுநீரகமே அவ உடம்புல இருக்கு.”

“தெரியும். தெரியறது வேற, பாத்தேன்னு எழுதறது வேற. பாக்காததைப் பாத்தேன்னு ஒரு தடவை எழுதினா, முப்பத்தொரு வருஷம் நான் எழுதினது எல்லாத்தையும் யாரு நம்புவா?”

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. குறி போட்டது யார், தூண்டியது யார் என்று ஒரு நாள் விசாரணை வந்தால் என் விசா என்னாகும் என்ற நினைப்பும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குத் திரை ஒரு முறை மினுங்கியது. வெள்ளிக்கிழமைத் தாளின் இரண்டு கட்டங்களும் பூஜ்யம் காட்டின. ஆர்லீன் காபிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

ஏப்ரலில் அவரை முன்பக்கக் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். யாரும் அநேகமாக வருவதில்லை. மூன்றாம் தேதி தன் சொந்தக் கைபேசியில் ஜீனை அழைத்து, வேண்டியது மகளின் பிறப்புச் சான்றிதழ் என்றார். புயல் நின்றதும் சான்றிதழோடு நேரில் வருவதாக டுவேன் சொல்கிறார் என்று ஜீன் கேட்டுச் சொன்னார். டெஸ்ஸாவிடம் மருந்து கையிருப்பு இருக்கிறதா என்று ஆர்லீன் கேட்டதற்கு, இருக்கும் என்றுதான் நினைக்கிறேன் என்றார் ஜீன். தபாலில் மூன்று மாதத்து மருந்து ஒரே தடவையாக வருவது வழக்கம். கடைசியாக ஜனவரியில் வந்திருக்கும் என்று ஆர்லீன் விரல் விட்டுப் பார்த்தார். ஏப்ரல் கடைசி வரை தாங்கும். எனக்கு ஆறுதல் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். யாராவது வழி கேட்க வந்திருப்பார்கள்.

இருபத்திரண்டாம் தேதி மதியம் ஒரு பெரிய உருவம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பூட்ஸைக் கதவடி மிதியடியில் நன்றாகத் துடைத்தது. ஒரு ரொட்டிப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைக் கவுன்டரில் வைத்தது.

“ஆர்லீன்னா நீங்கதானா? டுவேன். மன்னிக்கணும், தாமதமாயிடுச்சு. இந்தப் பக்கம் ஒரு பார்ட்ஸ் எடுக்க வர வேண்டியிருந்தது, அதோட இதையும் முடிச்சிரலாம்னு.”

ஆர்லீன் சான்றிதழை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் கேட்டார், டெஸ்ஸா எப்படி இருக்கிறாள் என்று.

“பரவாயில்ல. கொஞ்சம் அசதி. ஏப்ரல் ஆரம்பத்துல மருந்து வாங்கப் போயிருக்கா, அட்டை பழசாயிடுச்சு, ஓடலன்னுட்டாங்களாம். அதனால கைல இருந்ததைப் பாதி பாதியா சாப்பிட்டு ஓட்டறா. புது அட்டை வர வரைக்கும்.”

ஜனவரி மருந்து பிந்தி வந்திருக்கிறது. வந்ததும் மூன்று மாதத்துக்கு இல்லை, இரண்டுக்குத்தான். அதை எல்லாம் பிறகு தெரிந்துகொண்டோம். அப்போது ஆர்லீன் கேட்டது ஒன்றுதான், கால் வீங்கியிருக்கிறதா என்று.

டுவேன் தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். “காலணி நுழைய மாட்டேங்குதுன்னு நேத்து என் செருப்பைப் போட்டுக்கிட்டா. பெருசா ஒண்ணுமில்லன்னா. இங்க வண்டியில உக்காந்திருக்கா. தூங்கறா.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வாகன நிறுத்தத்தில் ஒரு பிக்கப் நின்றது. முன்னிருக்கையில் ஒரு தலை சாய்ந்திருந்தது. முகம் உப்பியிருந்ததால் ஒரு சின்னக் குழந்தையின் முகம் போலத் தெரிந்தது.

ஆர்லீன் கவுன்டரின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கோட்டை எடுக்கவில்லை. டுவேனின் சட்டைக் கையைப் பிடித்தார். அந்த ஊரில் அறிமுகமில்லாத ஆளை யாரும் அப்படித் தொட மாட்டார்கள்.

“டுவேன், இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம். நாலாவது தெரு. நான் வழி சொல்றேன், வண்டியை எடு.”

“டாக்டர்கிட்ட அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கோம்...”

“இல்ல. இப்ப. இந்த நிமிஷம்.”

அவர் குரலில் இருந்ததை டுவேன் கேட்டுவிட்டார். அந்தப் பெரிய மனிதர் ஓடினார். ஓடும்போது தொப்பி விழுந்தது, எடுக்கத் திரும்பவில்லை. ஆர்லீன் ஸ்வெட்டரோடு பிக்கப்பின் நடு இருக்கையில் ஏறி டெஸ்ஸாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

மூன்றரைக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. உள்ளே சேர்த்துவிட்டார்கள். உடம்பு சிறுநீரகத்தைத் தள்ள ஆரம்பித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்கும் என்கிறார்கள். பெரிய மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நிற்குமா நிற்காதா என்பது மூன்று நாளில் தெரியும். டுவேன் நடைபாதையில் நின்றபடி, தன்னிடம் இன்னொன்று இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ள முடியாதா என்று ஒவ்வொரு நர்ஸாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

ஆர்லீனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு சொன்னார்:

“செம், என் கீழ் இழுப்பறையைத் தெற. கோப்பெல்லாம் அங்கயேதான் இருக்கு. நூத்தி முப்பத்தேழு. உன் கைபேசியில கூப்பிடு. அவங்க வீட்டுல யாரு எடுத்தாலும் சரி, பொண்டாட்டி, புள்ள, யாரா இருந்தாலும் சொல்லு. அட்டை போயிடுச்சு, இன்னிக்கே பேப்பரோட வாங்கன்னு சொல்லு. விதியை நான் பாத்துக்கறேன். இந்த வேலையை எங்க ஊர்க்காரங்க யார்கிட்டயும் குடுக்காத, அவசரமில்லன்னு இழுத்துப் பேசுவாங்க. உனக்கு எங்க மரியாதை இன்னும் சரியா வரல. அதான் நல்லது.”

வெளியே பேசக் கூடாது என்ற சுற்றறிக்கை என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது. ஹால்வர்சனின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கீழ் இழுப்பறையை இரண்டு கையாலும் இழுத்தேன்.

முதல் கோப்பில் ஒரு சிறைக் காவலர். பையனுக்குச் சர்க்கரை, தினம் நான்கு ஊசி. மனைவி எடுத்தாள். சொன்னேன். மறுமுனையில் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. இரண்டாவதில் ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரி. அவளே எடுத்து, எழுதிக்கொண்டாள். மூன்றாவதில் ஒரு பெண் எழுத்தர், கணவருக்கு இதயத்தில் கருவி வைத்திருக்கிறது; எடுத்தது அவளுடைய மாமனார், ஒரு கிழவர். அவள் ஒரு வாரமாகவே வேலைக்குப் போகவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் இருங்கள், அவளையே கூப்பிடுகிறேன் என்று தொலைபேசியை மேசை மேல் வைத்தார். உள்ளே, கோப்பில் இருந்த கணவரின் பெயரைச் சொல்லித் தாழ்ந்த குரலில் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்கள், நிறையப் பேர்.

ஹால்வர்சன் அறைக் கதவு முழுசாகத் திறந்தது. நான் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.